காலியாக இருந்த மூலை

பத்துப் புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு வரிசையில் நான்கு, அதன் கீழே இடைவெளிகளுக்கு நேராக மூன்று, அதற்கும் கீழே இரண்டு வையுங்கள். மிச்சமுள்ள ஒன்று கையிலேயே இருக்கட்டும். தலைகீழ் முக்கோணம் வந்துவிட்டது. கீழ் மூலை மட்டும் காலி, இல்லையா?

1962-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் முன்னால் இருந்ததும் இதே படம்தான். ஆனால் அவர்கள் அடுக்கியது அணுவைவிட மிகச் சிறிய துகள்களை!

எலெக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1950-களில் இவை தவிரப் புதிய துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. ஒரே குழப்பம்! 1961-இல் அமெரிக்காவின் முர்ரே கெல்மான், இஸ்ரேலின் யுவால் நீமான் இருவரும் தனித்தனியே ஒரு வழி கண்டார்கள். குணங்களைப் பார்த்து அடுக்கினால் துகள்கள் அறுகோணமாகவும் முக்கோணமாகவும் அமைந்தன.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் வரிசைத் துகள்களின் எடை சுமார் 1232. (இந்த அலகில் புரோட்டானின் எடை 938.) இரண்டாம் வரிசை 1385, மூன்றாம் வரிசை 1530. ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 150 கூடுகிறது. அப்படியானால் காலி மூலைக்கு? ஆம், 1680-ஐ ஒட்டி வரவேண்டும். இடது ஓரத்தில் சரிந்து இறங்கும் துகள்கள் எல்லாமே எதிர் மின்னூட்டம் கொண்டவை. எனவே மூலையில் இருப்பதும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

1962 ஜூலையில் ஜெனீவா மாநாட்டில் கெல்மான் இதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பேசுவதற்கு நீமானும் கை தூக்கியிருந்தாராம். வாய்ப்பு கெல்மானுக்குப் போய்விட்டது, பாவம்! யாரும் பார்த்திராத துகளுக்கு 'ஒமேகா மைனஸ்' என்று பெயரும் வைத்தாயிற்று. அது கிடைக்காவிட்டால் முக்கோணமே பொய்யாகிவிடும்.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தேடல் தொடங்கியது. பெரிய தொட்டியில் திரவ ஹைட்ரஜன். அதற்குள் பாயும் துகள், குமிழிகளால் கோடு போட்டுக்கொண்டே போகும். அதைப் படம் பிடிப்பார்கள். ஒமேகாவின் ஆயுளோ ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை! சுமார் ஒரு லட்சம் படங்களை அலசிய பிறகு, 1964-இல் ஒரே ஒரு படத்தில் சிக்கியது. இன்றைய அளவுப்படி அதன் எடை 1672. கையிலிருக்கும் கொட்டையை மூலையில் வையுங்கள்!

சரி, ஏன் முக்கோணம்? அதே 1964-இல் கெல்மானும், ஜார்ஜ் ஸ்வெய்க் என்பவரும் தனித்தனியே விடை சொன்னார்கள். இத்துகள்கள் ஒவ்வொன்றிலும் மூன்று குவார்க்குகள் உள்ளன. குவார்க்குகளில் அப்போது சொல்லப்பட்டவை மூன்று வகை: அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச். முதல் வரிசையில் ஸ்ட்ரேஞ்ச் கிடையாது. ஒவ்வொரு வரிசை இறங்கும்போதும் ஒன்று கூடும். அதுதான் மற்ற இரண்டைவிடக் கனமானது. மூலையில் மூன்றுமே ஸ்ட்ரேஞ்ச்!

சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிற மணிகளிலிருந்து மூன்று மூன்றாக எடுங்கள். ஒரே நிறம் திரும்பவும் வரலாம், வரிசை முக்கியமில்லை. எத்தனை விதம் வருகிறது என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். சரியாகப் பத்து வரும்.