கடலுக்குப் பேறுகாலம், படகுக்கு ஓய்வு!

சித்திரை பிறந்தால் போதும், "ஏம்மா, மீன் இந்த விலை விக்குதே, அநியாயமா இல்லே?" என்று மீன்காரம்மாவிடம் சண்டைக்குப் போகிறோம். சகோதரிகளே, சண்டையை ஒருநாள் ஒத்திவைத்துவிட்டு, அவர்கள் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா?

கடலூர் முதுநகரில் இப்போது விசைப்படகுகளெல்லாம் கரையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவை கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிடும் காலமாயிற்றே! 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017 முதல் 61 நாளாகிவிட்டது. கட்டுமரமும் நாட்டுப்படகும்தான் போய் வருகின்றன. வரத்து குறைவு, விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஓய்வு கடலுக்குத்தான், கரையில் இருப்பவர்களுக்கு இல்லை. படகின் அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டுகிறார்கள். பலகை இடுக்கை அடைத்து, வண்ணம் பூசி, இஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கிழிந்த வலையைப் பொத்துகிறார்கள். எல்லாமே செலவு! வரவோ, அரசு தரும் நிவாரணத் தொகை மட்டும்தான். பள்ளிக்கூடம் திறக்கும் செலவும் இதே சமயத்தில்தான். வீட்டுக்காரியின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போவது இப்படித்தான்.

சரி, இந்தப் பொறுமைக்கெல்லாம் என்ன பலன்? மீன் குஞ்சுகள் வளரும் தொட்டில் ஒன்றைப் பார்த்தால் புரியும். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் பிச்சாவரம். துடுப்புப் படகில் போனால் இருபுறமும் சுரபுன்னை மரங்கள். கால் ஊன்றி நிற்கிற அந்த வேர்களுக்கிடையேதான் இறாலும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகின்றன. சுரபுன்னையும் லேசுப்பட்ட தாயில்லை! விதையை மரத்திலேயே முளைக்க வைத்து, முருங்கைக்காய் போல் நீண்ட பிறகுதான் கீழே விடுகிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, இந்தக் காடு பின்னால் இருந்த குப்பங்களுக்கு அரணாக நின்றது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த தில்லை மரமும் இங்கே உண்டு. உதிரப் போகும் இலைகள் சிவந்து அழகாயிருக்கும். குழந்தை பறிக்கக் கை நீட்டும். விடாதீர்கள்! அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணைக் கெடுக்கும். தப்பித்தவறிப் பட்டுவிட்டால், கசக்காமல் நல்ல தண்ணீரால் நிறையக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். படகில் மிதவைச் சட்டை போடாமல் உட்கார வைக்காதீர்கள்.

வீட்டிலே? இந்த இரண்டு மாதம் பருப்பும் பயறும் முட்டையும் கை கொடுக்கும். மீன் வாங்கினாலும், வளர்ந்து பெரிதாக வேண்டிய வஞ்சிரக் குட்டிகளை "மலிவாச்சே" என்று வாங்காதீர்கள். நெத்திலி, சாளை வேறு. அவை இயல்பிலேயே சிறியவை.

ஜூன் 15 விடியலில் புதுச் சாயம் மினுங்கப் படகுகள் புறப்படும். கரையில் நிற்கிற அந்த வீட்டுக்காரி, படகு நிறைந்து வரவேண்டும், சங்கிலி வீடு திரும்பவேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். அடுத்த முறை பேரம் பேசும்போது அவளையும் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்களேன்!