தொண்டைப் புற்றும் ஒரு நுண்கிருமியும்

தமிழில் 'தொண்டை', மலையாளத்தில் 'தொண்ட'. சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய பாலக்காட்டு ஊர்களிலும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு முதலிய இடுக்கி மலைகளிலும் வாழும் தமிழ் அன்பர்கள், மருத்துவரிடம் இச்சொல்லை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மருத்துவர் இந்த ஒரு சொல்லுக்குள் பல பகுதிகளைக் காண்கிறார். வாய்க்குப் பின்னால் உள்ள பகுதியில், இருபுறமும் டான்சில் என்னும் சதைகளும், நடுவே நாவின் வேர்ப்பகுதியும் உள்ளன. அதற்குக் கீழே இருப்பது குரல் பிறக்கும் குரல்வளை. நாம் இங்கே ஆராயப்போவது முற்கூறிய பின்வாய்ப் பகுதியில் தோன்றும் புற்றுநோயை.

வெற்றிலை புகையிலைக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில் பணியாற்றிய ஐ. எம். ஓர் என்னும் மருத்துவர், 1933-ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' இதழில் இதைப்பற்றி எழுதினார். புகையிலை சேராத பாக்கும் புற்றுக்குக் காரணமாகும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது.

அப்படியானால், வெற்றிலையும் பீடியும் மதுவும் அறியாத ஒருவருக்குத் தொண்டையில் புற்று வருவது எவ்வாறு? இதற்குரிய விடைகளுள் ஒன்று, ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமி. இதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் தோலில் மருக்களை உண்டாக்குவதோடு நின்றுவிடுகின்றன. 16-ஆம் வகையோ கொடியது. கருப்பைவாய்ப் புற்றில் இவ்வகை இருப்பதை 1983-இல் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹாரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்வாய்த் தொண்டைப் புற்றுக்கும் இதுவே காரணமாவதை மேற்சொன்ன முகமை 2007-இல் உறுதி செய்தது.

டான்சில் சதையின் ஆழ்ந்த மடிப்புகளில் இக்கிருமி குடியேறுகிறது. பெரும்பாலோருடைய உடல், ஓரிரு ஆண்டுகளில் இதனை வென்று வெளியேற்றிவிடும். சிலரிடத்தில் மட்டும் இது நிலைத்துத் தங்கி, உயிரணுவின் வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் காவற்புரதங்களைச் செயலிழக்கச் செய்கிறது. பல்லாண்டுகள் கழிந்தபின் புற்று தோன்றக்கூடும்.

இது உடலுறவின் வழியே, வாய்வழி உறவு உட்பட, பரவும் கிருமி. மிகப் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றுவதாகையால், நோயுற்றவரின் ஒழுக்கத்தை ஐயுறுவது அறியாமை. நோயாளியின் குவளையில் நீர் அருந்துவதால் புற்றுநோய் ஒட்டிக்கொள்வதும் இல்லை.

அமெரிக்காவில் பின்வாய்த் தொண்டைப் புற்றின் பெரும்பகுதி இக்கிருமியால் விளைவது. நம் நாட்டிலோ புகையிலையே இன்றும் முதற்பகை. ஆகவே தோட்டத்துப் பெண்கள் இடுப்பில் செருகும் வெற்றிலைப் பையை விலக்குவதே முதற்கடமை. எனினும் 'எனக்குப் பழக்கம் எதுவும் இல்லையே' என்னும் நம்பிக்கை, உயிருக்கு உலை வைக்கலாம். இந்நோய் பெரும்பாலும் கழுத்தில் வலியற்ற கட்டியாகவே முதலில் வெளிப்படுகிறது. வலி இல்லாததாலும், மலையிறங்கிச் சென்றால் ஒருநாள் கூலி போய்விடும் என்பதாலும் நாட்கள் கடத்தப்படுகின்றன.

கழுத்துக்கட்டி, விழுங்குவதில் இடர், ஒருபுறத் தொண்டைவலி, காதுவலி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காணவேண்டும். கருப்பைவாய்ப் புற்றை முன்கூட்டியே அறியச் சோதனை உண்டு. இடுக்கியை அடுத்த திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், கருப்பைவாயை எளிய முறையில் கண்ணால் சோதித்ததன் பயனாக, அந்நோயால் நேரும் மரணம் 35 விழுக்காடு குறைந்தது. தொண்டைக்கு அத்தகைய முன்சோதனை இன்னும் வரவில்லை. ஆதலால் நம் விழிப்பே சோதனையாகும். இக்கிருமியால் வந்த தொண்டைப் புற்று, புகையிலையால் வந்ததைவிடச் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவது ஆறுதலான செய்தி.

தடுப்பூசியும் உண்டு. புனேயில் உருவான இந்தியத் தடுப்பூசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. 9 முதல் 14 வயதுச் சிறுமியர்க்கு, கிருமி தொற்றுமுன் ஊசி போடுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. கருப்பைவாயைக் காக்கும் அவ்வூசி, வாயில் இக்கிருமி தங்குவதையும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வந்துவிட்ட புற்றை அது போக்காது.

திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையமும், சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும் எல்லைப்புறத் தமிழர்க்கு எட்டாதவை அல்ல. ஆயினும் முதலில் செல்லவேண்டிய இடம் அருகிலுள்ள அரசு மருத்துவமனையே. இழக்கும் கூலியை மறுநாள் ஈட்டிக்கொள்ளலாம். கடந்துபோன மாதங்களை மீட்க வழியில்லை.