திரும்பாத அக்சிலேட்டர்

வன்னியிலிருந்து வேலைக்காக நுவரெலியா வந்த முதல் மார்கழியில் ஸ்கூட்டரின் அக்சிலேட்டர் காலையில் இறுகத் தொடங்கியது. ஷெல் துண்டு பட்ட என் வலது மணிக்கட்டு குளிரில் விறைக்கும். பிழை கையில்தான் என்று இரண்டு கிழமை பேசாமல் இருந்தேன். ஒருநாள் இறக்கத்தில் கையை விட்டும் வேகம் குறையவில்லை. ஸ்கூட்டரில் பிடிக்கக் கிளச்சும் இல்லை. திறப்பை நிறுத்தி, இரண்டு பிறேக்கையும் பிடித்துத்தான் தப்பினேன்.

கையா, வாகனமா என்று அறிவது சுலபம். எஞ்சினை நிறுத்திவிட்டு அக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். தானாகச் சடக்கென்று திரும்ப வேண்டும். ஹான்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். காபரேட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி இழுத்துப் பாருங்கள். அப்போதும் இறுகினால் பிழை கேபிளிலோ கைபிடியிலோ. இலகுவாக ஓடினால் காபரேட்டரில்.

எனக்குக் கேபிள். மழைநீர் இறங்கித் துருப்பிடித்து, பழைய கிறீஸும் குளிரில் தடித்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, உலர்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய் சில துளி விட்டேன். மறுபடி கிறீஸ் பூசவேண்டாம், அடுத்த குளிருக்கும் அது இறுகும். கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் எண்ணெயோடு மினக்கெடாமல் புதுக் கேபிள் போடுங்கள்.