பொருளீட்டிக்கொண்டே தொழில் கற்கும் முறை

பெரும்பாக்கம் முற்காலத்தில் ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த கிராமம். வயல்கள் சுருங்கிய பின், சென்னை நகரிலிருந்து குடியேற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் இங்கு அடுக்கு வீடுகளில் வசிக்கின்றன. பழைய குடிகளாயினும் புதிய குடிகளாயினும், பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையுள்ள இல்லங்களில் எழும் கவலை ஒன்றே. மேற்கொண்டு படிக்கவைக்கப் பணம் இல்லை. உடனே கூலி வேலைக்கு அனுப்பினாலோ, அவன் ஆயுள் முழுவதும் கூலியாளாகவே நிற்க நேரும். இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே தொழிற்பழகுநர் முறை. வழக்கில் இதனை அப்ரண்டிஸ் என்பர்.

சட்டம் கூறுவது

தச்சரிடமும் கொல்லரிடமும் சிறுவர்கள் எடுபிடி வேலை செய்து தொழில் கற்றது பண்டை வழக்கம். அதில் பெரும்பாலும் உணவும் உடையுமே கிடைத்தன. கற்றதற்கு அத்தாட்சி கிடையாது. இக்குறைகளை நீக்க இந்திய சர்க்கார் 1961-ஆம் ஆண்டில் தொழிற்பழகுநர் சட்டத்தை இயற்றினர். அதன்படி பழகுநருக்கும் முதலாளிக்கும் எழுத்து மூலமான உடன்படிக்கை ஏற்பட வேண்டும். பழகுநர் வயது வராதவராயின் தகப்பனாரோ பாதுகாவலரோ கையொப்பமிட வேண்டும். உடன்படிக்கை சர்க்காரிடம் பதிவாக வேண்டும். மாதந்தோறும் உபகாரச் சம்பளம் கொடுக்கப்படும். செய்து முடித்த உருப்படிகளைக் கணக்கிட்டு அதனை அளித்தல் கூடாது. பயிற்சியின் முடிவில் பரீட்சை நடைபெறும். தேறியவர் நாடெங்கும் செல்லத்தக்க சான்றிதழ் பெறுவர்.

2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகள், 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் அத்தொகையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநரைச் சேர்த்தல் கட்டாயம் என்றன. படிப்புக்குத் தக்கபடி மாதம் ரூ. 5,000 முதல் ரூ. 9,000 வரை குறைந்த அளவு உபகாரச் சம்பளத்தையும் அவை வகுத்தன. அதனை ரூ. 6,800 முதல் ரூ. 12,300 வரை உயர்த்தும்படி 2025-இல் மத்திய தொழிற்பழகுநர் ஆலோசனைக் குழு சிபார்சு செய்தது.

அருகிலுள்ள உதாரணம்

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி ஜவஹர்லால் நேருவால் திறந்து வைக்கப்பட்டது. பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட், தச்சு, வர்ணப் பூச்சு முதலிய தொழில்களில் அங்கே பழகுநர் சேர்க்கப்படுகின்றனர். சமீப வருஷ அறிவிப்புகளில், விஞ்ஞானமும் கணிதமும் பயின்று பத்தாம் வகுப்பில் 50 சதவீதம் பெற்றவர்கள், நுழைவுப் பரீட்சையின்றி மதிப்பெண் வரிசைப்படியே தெரிந்தெடுக்கப்பட்டனர். பெண்மக்களும் சேரலாம். பெரும்பாக்கத்திலிருந்து தாம்பரத்திற்குப் பஸ்ஸில் சென்று, மின்சார ரயிலில் பூங்கா நிலையம் வந்து, சென்ட்ரலில் வேறு ரயில் ஏறினால் பெரம்பூரை அடையலாம்.

மாதம் ரூ. 6,000 வீதம் இரண்டு வருஷங்களுக்கு ரூ. 1,44,000 ஆகின்றது. பிரயாணமும் பகலுணவும் போக மீதமே வீட்டுக்கு வரும். அதே காலத்தில் கட்டட வேலைக்குச் செல்லும் தோழன் இதைவிட அதிகம் சம்பாதிப்பான் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் இரண்டு வருஷங்கள் கழிந்தபின் தோழன் கையில் இருப்பது அன்றைய கூலி. பழகுநர் கையில் இருப்பது சான்றிதழ். இவ்வித்தியாசத்தை எண்ணாமல், தினக்கூலியின் ஆசையால் பாதியில் நின்றுவிடுவதே பேரிழப்பாகும். சான்றிதழ் கைக்கு வராது. அன்றியும், ஒப்பந்தத்தைத் தானே முறிக்கும் பழகுநரிடமிருந்து பயிற்சிச் செலவைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் இடமுண்டு. குற்றம் முதலாளியைச் சார்ந்ததாயின், நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் முதலாளியே.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, பழகுநர் மாணாக்கரேயன்றித் தொழிலாளர் அல்லர். ஆயினும் தொழிற்சாலையில் சுகாதாரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கான விதிகள் அவருக்கும் உரியன. வேலையில் காயமடைந்தால் நஷ்டஈடும் உண்டு.

இரண்டாவது, பயிற்சி முடிந்ததும் உத்தியோகம் நிச்சயம் என்று எவரேனும் கூறினால் நம்பலாகாது. உடன்படிக்கையில் அவ்வாறு எழுதியிருந்தாலன்றி முதலாளிக்கு அக்கடமை இல்லை. ரயில்வேயில் கடைநிலை வேலைகளில் 20 சதவீதம், பயிற்சி முடித்த பழகுநருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அதற்கும் பரீட்சை எழுதியே ஆகவேண்டும்.

மூன்றாவது, உடன்படிக்கை பதிவாகாத இடத்தில் வேலை செய்வது பயிற்சியாகாது. எத்தனை வருஷம் உழைத்தாலும் சர்க்கார் சான்றிதழ் கிடைக்காது. ஆதலால் சேர்ந்த மாதத்திலேயே பதிவு எண்ணைக் கேட்டுப் பெறுக. இடம் வாங்கித் தருவதாகக் கூறும் தரகருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டுவதில்லை. சர்க்காரின் பழகுநர் இணையதளத்தில் பெயர் பதிவது இலவசம். டிப்ளமாவும் பட்டமும் பெற்றவர்களுக்குத் தரமணியிலுள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இப்பணியைச் செய்கின்றது.

சங்கம் செய்யத்தக்கது

முதல் மாத உபகாரச் சம்பளம் வருமுன் பஸ் கட்டணத்திற்கும் காலணிக்கும் வழியின்றி அநேக பெற்றோர் வட்டிக் கடைக்குச் செல்கின்றனர். சங்கத்தில் சிறுகச் சேமித்து வைத்திருப்போருக்கு இத்துன்பம் இல்லை. விண்ணப்பக் கடைசித் தேதியைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதுவதும், படிக்கத் தெரியாத அங்கத்தினருக்கு உடன்படிக்கையைப் படித்துக் காட்டுவதும் காரியதரிசிக்கு அரை மணி வேலை. அவ்வரை மணியால் ஒரு குடும்பம் தலைநிமிருமாயின், சங்கம் தன் பெயருக்கேற்ற பணியைச் செய்ததாகும்.