பொடுகுக்கு எண்ணெயா, ஷாம்புவா?

"டாக்டருங்க, புள்ள தலையில எண்ணெயே வைக்க மாட்டேங்கறா. அதனாலதானுங்க இத்தனை பொடுகு!"

காரமடையில் என்னிடம் வரும் தாய்மார்கள் பலரும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? தலை காய்ந்துபோய்த் தோல் செதில் செதிலாக உதிர்கிறது, எண்ணெயை ஊற்றினால் சரியாகிவிடும் என்று? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் நேர் எதிர்.

மலசீசியா என்று ஒரு பூஞ்சை. ஈஸ்ட் வகையைச் சேர்ந்தது. உங்கள் தலை, என் தலை, எல்லோர் தலையிலும் அது குடியிருக்கிறது. தலைத்தோலில் இயற்கையாகச் சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சாப்பாடு. பசையைச் சிதைத்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஓலிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் வைத்துவிட்டுப் போகும். சிலருடைய தோலுக்கு அந்த மிச்சம் ஆவதில்லை. அரிப்பு வருகிறது, மேல்தோல் அவசர அவசரமாக உரிகிறது. அதுதான் பொடுகு! பரிசோதனைக்கூடத்தில் இந்தப் பூஞ்சையை வளர்க்க, தட்டின் மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவது பழைய வழக்கம். எண்ணெய் இருந்தால்தான் அது வளரும். இதைப் படித்த பிறகும், பொடுகுத் தலையில் ராத்திரி முழுக்க எண்ணெயைத் தேக்கி வைப்பீர்களா?

எண்ணெய்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாகும் வயது பன்னிரண்டு, பதிமூன்று. பொடுகும் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டுகிறது. இந்த வயதுக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"சித்த வைத்தியரே எண்ணெய் வேண்டாம் என்கிறாரே!" என்று கோபம் வருகிறதா? வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல் என்பது தேரையர் வகுத்த முறை. கவனியுங்கள், அது குளியல். தேய்த்து, ஊறவிட்டு, அன்றைக்கே அலசிவிட வேண்டும். எண்ணெய் வழியும் தலையோடு மூன்று நாள் பள்ளிக்கூடம் போவதற்கு எந்தச் சித்தரும் பொறுப்பில்லை! அந்த எண்ணெய் நெற்றியில் இறங்கிப் பருவையும் கிளப்பும். அதற்கும் பழி பொடுகின் தலையில்தான் விழுகிறது. முடி வறண்டு சிக்கு விழுகிறது என்றால், தேங்காய் எண்ணெயை முடியின் நுனிப்பக்கம் மட்டும் கொஞ்சமாகத் தடவுங்கள். வேர்ப்பக்கம் வேண்டாம்.

வாய்க்கால் ஓரங்களில் தரையோடு படர்ந்து, குட்டிக் குட்டியாகப் பூ பூக்கும் பொடுதலையைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரியில் குணபாடம் படித்த காலத்திலிருந்து எனக்குப் பிடித்த மூலிகை. பச்சையாக அரைத்துப் பிழிந்த சாறும் நல்லெண்ணெயும் சம அளவு சேர்த்து, சிறு தீயில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி வடித்தால் பொடுதலைத் தைலம். லேசான பொடுகுக்கும் அரிப்புக்கும் வாரம் இரண்டு முறை தரச் சொல்வேன். ஆனால் இதுவும் எண்ணெய்தானே? அரை மணி நேரத்தில் அலசிவிடுங்கள்.

அலச என்ன போடுவது? நம் கொங்கு வீடுகளில் அரப்பு இல்லாத குளியலறை ஒருகாலத்தில் கிடையாது. உசிலை இலைப் பொடிதான் அரப்பு. சீயக்காயைப் போலவே அதிலும் நுரைக்கும் சத்து உண்டு, எண்ணெயை நன்றாக எடுக்கும். பொடி தலையில் தங்காமல் அலசுவதில்தான் சூட்சுமம். குளிக்கிற சோப்பைத் தலைக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். போர் போட்ட உப்புத் தண்ணீரில் சோப்பு வெள்ளையாகத் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். பார்க்கப் பொடுகு மாதிரியே இருக்கும்! ஷாம்புவில் இந்தத் தொல்லை குறைவு.

எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தலையில் தேய்க்கும் வைத்தியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சொறிந்து புண்ணான இடத்தில் தீயாய் எரியும். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கறுக்கவும் செய்யும்.

பொடுகு கொஞ்சம் அதிகம் என்றால் ஷாம்புதான். நான் சித்த மருத்துவன் என்பதற்காக நல்ல மருந்தை மறைக்கமாட்டேன். பாட்டிலின் முன்பக்கத்தில் தலைமுடியைச் சிலுப்பும் பெண்ணைப் பார்க்காதீர்கள். திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். கீட்டோகோனசோல் 2 சதவீதம் என்று இருந்தால் பூஞ்சையை நேராக அடக்கும் மருந்து, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். செலீனியம் சல்ஃபைடும் நல்லதுதான். தோடு, மூக்குத்தியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள், நகை கறுத்துப்போகும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பொடுகு ஷாம்புகளில் ஜிங்க் பைரிதியோன் அல்லது பைராக்டோன் ஓலமைன் இருக்கும். ஜிங்க் பைரிதியோனை அழகுசாதனப் பொருட்களில் சேர்ப்பதற்கு ஐரோப்பிய யூனியன் 2022 மார்ச் முதல் தடை போட்டிருக்கிறது. கருவைப் பாதிக்கக்கூடிய பொருள் என்று அங்கே வகைப்படுத்தியதுதான் காரணம். பயந்து பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் கர்ப்பிணிகள் எந்த மருந்து ஷாம்புவானாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும்.

"அதெல்லாம் போட்டாச்சுங்க, கேக்கலீங்க" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எத்தனை நிமிஷம் வைத்தீர்கள்? போட்டதும் கழுவினால் மருந்தெல்லாம் சாக்கடைக்கு! முதலில் தலையை நனைத்து அழுக்கையும் எண்ணெயையும் போக்கிவிடுங்கள். பிறகு மருந்து ஷாம்புவை விரல் நுனியால் தோலில் படும்படி தடவி, ஐந்து நிமிஷம் காத்திருந்து அலசுங்கள். இடுப்பு வரை உள்ள பின்னலுக்கெல்லாம் அது வேண்டியதில்லை. வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். குறைந்ததும் ஒரேயடியாக நிறுத்தினால் திரும்ப வரும், பூஞ்சை எங்கேயும் போய்விடவில்லையே! பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை போட்டு வந்தால் அடங்கியிருக்கும். புது ஷாம்பு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க முதலில் சாஷே வாங்கிப் பாருங்கள். நம் கடலூர்க்காரர்கள் ஊரெல்லாம் பரப்பிய சாஷே இதற்கு ரொம்ப வசதி!

இன்னொன்று. பொடுகு தொத்து வியாதி அல்ல. புதிதாக வந்த மருமகளின் சீப்பையும் தலையணையையும் முகம் சுளித்துத் தனியாக வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பேனுக்குப் பயந்து சீப்பைத் தனியாக வைத்தால் சரி, பொடுகுக்காக வேண்டாம்.

இப்போது அந்த வயதுக் கணக்கு. ஆறு, ஏழு வயதுக் குழந்தையின் தலையில் செதில், வட்டமாகச் சொட்டை, முடி குச்சி குச்சியாக ஒடிந்திருக்கிறது... இது பொடுகு என்று ஷாம்புவோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்காதீர்கள். தலையில் வரும் படர்தாமரையாக இருக்கலாம். இது தொற்றும். டாக்டர் பார்த்து, உள்ளுக்கு மருந்து கொடுத்தால்தான் போகும். விட்டுவிட்டால் சீழ் வைத்துத் தழும்பாகி, அந்த இடத்தில் முடியே முளைக்காமல் போகலாம். பெரியவர்களுக்கு, செதில் தடித்து வெள்ளி மாதிரி மின்னி, நெற்றி ஓரத்தைத் தாண்டி வருகிறதா? முழங்கையிலும் முழங்காலிலும் அதேபோல் திட்டு இருக்கிறதா? அது காளாஞ்சகப்படையாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

நான்கு வாரத்தில் பொடுகு குறையாதவர்களும் தோல் மருத்துவரிடம் காட்டவேண்டியதுதான். கோவை அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. போகிற அன்றைக்கு எண்ணெய் தேய்க்காமல், தலைக்குக் குளிக்காமல், அப்படியே போங்கள். செதிலைப் பார்த்தால்தானே அவரால் சொல்ல முடியும்?