பூ உதிராமல் இருக்க

டெல்டா மாவட்டங்களில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். அதன்பின் பெரும்பாலும் தண்ணீர் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான் பயிருக்கு ஆதாரம்.

பூக்கும் நேரத்தில் அந்த ஈரம் குறைந்தால் செடிக்குள் எத்திலீன், அப்சிசிக் அமிலம் ஆகியவை கூடுகின்றன. பூக்காம்பின் அடியில் ஒரு பிரிவுப்படலம் உருவாகி, பூ உதிர்கிறது. விளைச்சல் இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

இதைத் தடுப்பவை வளர்ச்சி ஊக்கிகள். என்.ஏ.ஏ. எனப்படும் நாப்தலீன் அசிட்டிக் அமிலம் அந்தப் படலம் உருவாவதைத் தள்ளிப்போடும். சாலிசிலிக் அமிலம் வறட்சியால் செல்களுக்கு நேரும் சேதத்தைக் குறைக்கும். லிட்டருக்கு என்.ஏ.ஏ. 40 மில்லிகிராம், சாலிசிலிக் அமிலம் 100 மில்லிகிராம் என்ற அளவில், பூக்கும் முன் ஒரு முறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் இலைவழி தெளிக்க வேண்டும். அளவு கூடினால் பயிருக்குக் கேடு. கண்ணளவில் கலக்கவே கூடாது.

இதைவிட எளிது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘பயறு ஒண்டர்’. ஊட்டச்சத்தும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்த கலவை இது. ஏக்கருக்கு 2 கிலோவை 200 லிட்டர் நீரில் கரைத்து, ஒட்டும் திரவம் சேர்த்து, பூ நிறைந்திருக்கும்போது தெளிக்கலாம். விளைச்சல் 20 சதவீதம் வரை கூடும் என்கிறது பல்கலைக்கழகம்.

காய்ந்து சுருண்ட செடியை எந்த ஊக்கியும் மீட்காது. உழவர் பெருமக்களே, இலை பசுமையாக இருக்கும்போதே, வெயில் தாழ்ந்த மாலையில் தெளித்துவிடுங்கள்.