கபுறு இல்லாதவருக்கு ஒரு யாசீன்

"மூத்தவாப்பா சண்டை பிடிச்சா மௌத்தான?"

மருதமுனையில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து எங்கள் சுயஉதவிக் குழுவின் கணக்குக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இந்தக் கேள்வி காதில் விழுந்தது. கேட்டவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. பதில் சொல்ல வேண்டியவர் எங்கள் குழுவின் பொருளாளர். அறுபதை நெருங்கும் அவரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமி என்னைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். "தேத்தண்ணி ஊத்திட்டு வாறன் மகள்" என்று சொல்லிவிட்டு குசினிக்குள் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

மாமியின் கணவர் பொலிஸ் கொன்ஸ்டபிள். 1990 ஜூன் 11, திங்கட்கிழமை, கடமையில் இருந்தவர். அதன்பிறகு அவர் வீடு வரவில்லை.

அப்போது நான் கைக்குழந்தை. பெரியவர்கள் சொல்லக் கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டதுதான் எனக்குள்ள விபரம். இந்திய இராணுவம் அந்த வருடம் மார்ச்சில் நாட்டைவிட்டுப் போயிருந்தது. ஜனாதிபதி பிரேமதாசவின் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சமாதானம் வந்துவிட்டது என்று சனங்கள் நம்பிய காலம் அது. ஜூன் 11இல் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றிவளைத்தனர். கல்முனையும் அதிலொன்று. சண்டை பிடிக்க வேண்டாம், ஆயுதங்களைக் கீழே வையுங்கள் என்று கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. பத்திரமாக அனுப்பிவிடுவோம் என்ற வாக்கை நம்பி வைத்தார்கள். சிங்கள, முஸ்லிம் பொலிஸாரை ஏற்றிக்கொண்டு போய் திருக்கோவில் பக்கத்து ரூபஸ்குளம் போன்ற காட்டுப்பகுதிகளில் சுட்டுக் கொன்றார்கள். மொத்தம் அறுநூறுக்கும் மேற்பட்டோர் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

மூன்று கிழமையில் ஹஜ் பெருநாள் வந்தது. "பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்திட்டு வாறன் எண்டு சொல்லிட்டுப் போனவர்" என்று மாமி ஒருமுறை சொன்னார். அந்தப் பெருநாளுக்கு அவர் அடுப்பு மூட்டவில்லை. ஆனால் இத்தாவும் இருக்கவில்லை. மையித்தைக் காணாமல் எப்படி இத்தா இருப்பது? காணாமல் போனவரின் மனைவி நான்கு வருடம் பார்த்திருந்து, பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கலாம் என்று ஹழ்ரத் உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பு ஒன்று உண்டு. இருபத்திநான்கு வயதுப் பெண்ணுக்கு அதை எடுத்துச் சொல்ல அன்று யாரும் இருக்கவில்லை. ஓடிப்போய் எங்கேயோ இருக்கிறார் என்று சிலர், பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று சிலர். ஒவ்வொரு கதைக்கும் ஒரு நேர்ச்சை வைத்தார்.

கடிதம் வந்தது, பிறகு ஓய்வூதியமும் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு அலுவலகத்தில் பத்திரம் நிரப்பப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "உங்கட ஆள் சண்டையில சாகல்லயே, சரணடைஞ்சவர்தானே" என்று கேட்டாராம். மாமி அதற்குப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, வாப்பா சண்டை பிடித்துத்தான் ஷஹீதானார் என்று பிள்ளைகளிடம் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பொய்யைத்தான் காப்பாற்றி வந்திருக்கிறார். குசினிக்குள் அவர் ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சகோதரிகளே, எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு. துவக்கைக் கீழே வைத்தது அவருடைய முடிவல்ல. உத்தரவு, அவர் கீழ்ப்படிந்தார். சீருடை போட்டவருக்கு அதுவும் கடமைதான். பொலிஸ் திணைக்களம் மார்ச் 21ஆம் திகதியை வீரர் தினமாக அனுஷ்டிக்கிறதே, அது யாருடைய நாள் தெரியுமா? 1864இல் மாவனல்லையில் சரதியேலைப் பிடிக்கப் போய்ச் சூடுபட்டு இறந்த கொன்ஸ்டபிள் சபானுடைய நாள். மலாய் முஸ்லிம். கடமையில் உயிர்நீத்த முதல் பொலிஸ்காரராக இந்த நாடு நினைவுகூர்வது அவரைத்தான். மாமிக்கு இதை நான் சொன்னபோது, "அவருக்குக் கபுறு இரிக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

கபுறுதான் மாமியின் கவலை. காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி பள்ளிவாசல்களில் தொழுகையில் கொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மையவாடி உண்டு. அங்கே போய் நின்று ஸலாம் சொல்லலாம். மாமிக்கு நிற்க இடமில்லை. சீருடையோடு எடுத்த ஒரேயொரு படம் இருந்தது. அதையும் 2004இல் கடல் கொண்டுபோய்விட்டது.

எங்கள் குழுவில் பாண்டிருப்பிலிருந்து வரும் ஒரு அம்மா இருக்கிறார். அவருடைய மகன் இயக்கத்தில் இருந்து இறந்தவன். கஞ்சிகுடிச்சாறு துயிலுமில்லத்தில் வைத்தார்கள். போர் முடிந்தபின் அந்தக் கல்லறையும் இல்லை. அந்த மகனின் இயக்கம்தான் மாமியின் கணவரைக் கொன்றது. இரண்டு பேருக்கும் இது தெரியும். சேமிப்புக் காசு எண்ணும்போது பக்கத்தில்தான் இருப்பார்கள். ஒருநாள் அந்த அம்மா சொன்னார்: "கார்த்திகையில விளக்கு வைக்க இடம் தேடுறன். நீ எங்க ஓதுறாய் தங்கச்சி?" மாமி, "வீட்டிலதான்" என்றார். அதற்கு மேல் அவர்கள் பேசவில்லை. நானும் கூட்டிக்கொடுக்கப் போகவில்லை. மன்னிப்பு, நல்லிணக்கம் என்று பயிற்சிப் பட்டறையில் படித்த சொற்களை அந்த இடத்தில் எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. மரணத்தை ஒப்புக்கொள்ள மனம் வராதவர்களுக்காக, ஆள் காணாமல் இருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழை 2016இல் கொண்டுவந்தார்கள். இன்னும் கையில் ஒன்றும் இல்லாதவர்கள் இருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், தனியாகப் போக வேண்டாம், துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மையித்து இல்லாவிட்டாலும் ஜனாஸாத் தொழுகை உண்டு. நஜ்ஜாஷி மன்னருக்கு நபி (ஸல்) அவர்கள் தூர இருந்தே தொழுவித்தார்கள். மாமியின் கணவருக்கு அந்தத் தொழுகை நடந்ததா என்று அவருக்கே ஞாபகமில்லை.

போன ஜூன் 11இல் போயிருந்தேன். மாமி யாசீன் ஓதி முடித்து, பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். "மூத்தவாப்பா சண்டை பிடிக்கல்ல மகள். மேலிடத்தால துவக்க வைக்கச் சொன்னாங்க, வெச்சார். நம்பிப் போனார். கொண்டுபோய்ச் சுட்டுப்போட்டாங்க. அவர் பயந்த ஆள் இல்ல." பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கொப்பியை எடுத்துவந்து பெயரை எழுதினாள். "பொலிஸ்காரருக்கு நம்பர் இரிக்குமே மூத்தம்மா, அவர்ர நம்பர் என்ன?"

மாமி யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார், பிள்ளை எழுதினாள்.